குளிர்ந்த எஞ்சின்

பொனட்டில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது:
நாங்கள் வருமுன்பே யாரோ
எஞ்சினை எழுப்பி வைத்திருக்கிறார்கள்.
கொரேரா ஐயா சிரித்தார்.
"விடிய சந்தைக்குப் போய்ட்டு வந்தேன், மகள்."
வாசலில் மீன் வாசமும் இல்லை,
ஒரு கீரைக்கட்டும் இல்லை.

கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் வெள்ளை டவுன்ஏஸ்.
என் மூத்தவளைவிடப் பத்து வயது கூட.
மீட்டர் சொல்கிறது
ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம்.
பிரேக் பெடலின் ரப்பரோ
வரிகள் எல்லாம் தேய்ந்து
பல் விழுந்த ஈறு மாதிரி வழுவழுக்கிறது.

ஜுனைதீன் பாஸ் பஞ்சிகாவத்தையிலிருந்து
மூவாயிரம் பேசி வந்தவர். மற்றப் பேச்சு இல்லை.
எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து
அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார்.
பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை இருந்தால்
தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கியிருக்கும்,
அப்படியே வீட்டுக்குப் போகலாம்.
நுரை இல்லை. வெறும் கறுப்பு.
திறந்த வாயை உள்ளங்கையால் பொத்தி
கண்ணையும் மூடிக்கொண்டார்.
"மூச்சு வருது."
"நிறையவா?"
"வயசுக்கு வாற அளவு."

நான் விரலில் கணக்குப் போட்டேன்.
பம்பலப்பிட்டிக்கு ஏழு பிள்ளைகள், வெள்ளவத்தைக்கு நாலு,
தலைக்கு மாதம் ஒன்பதாயிரம்,
டீசல், லீசிங், டயர்,
ஆகஸ்டில் பாதிக் காசு தரும் தாய்மார்,
டிசம்பரில் போனே எடுக்காத தாய்மார்.
இந்தக் கணக்கில் எங்கேயும்
எஞ்சின் இறக்கும் ஒரு நாளுக்கு இடம் இல்லை.

தம்பி தயாபரன் காதுக்குள் சொன்னான்,
"பொறக்கா, விலை விழும்."
மூன்று வருடமாக அதைத்தான் சொல்கிறார்கள்.
விழுந்தது, கார்மென்ட் கணக்குப் பிரிவில்
என் நாற்காலி.

மறுநாள் ஐந்தரைக்குச் சொல்லாமல் போனோம்.
லூசியா கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது.
சாரத்தோடு வந்து கேட்டைத் திறந்தவருக்கு
எங்களைக் கண்டதும் விளங்கிவிட்டது.
சாவியை நீட்டினார்.
பொனட் ஈரம். குளிர்.
ஹீட்டர் லைட் அணையும்வரை பொறுத்தேன்.

முதல் திருப்பு: இருமல்.
இரண்டாவது: நீண்ட இருமல், மூன்று வீட்டு நாய்கள்.
மூன்றாவதில் பிடித்தது.
ஒழுங்கை முழுக்க நீலப் புகை,
பாண் வாங்கப் போன ஒருவர்
அதற்குள் புகுந்து திட்டிக்கொண்டே வெளியே வந்தார்.
பாஸ் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.
"எண்ணெய் குடிக்குது, மிஸ். மாசம் ஒரு லீட்டர்.
சீட்டுக்குக் கீழ ஒரு போத்தல் வைங்க. ஓடும்."
"எவ்வளவு காலத்துக்கு?"
"நான் எஞ்சின் பாஸ். சாத்திரக்காரன் இல்ல."

"ஒண்டேகால் லீட்டர்," என்றார் கொரேரா ஐயா.
உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியோடு வந்தார்.
தைமிங் பெல்ட். ரேடியேட்டர். பின் பிரேக்.
ஒவ்வொன்றுக்கும் திகதி, கிலோமீட்டர், காசு,
சாய்ந்த நீல எழுத்து.
நடுப்பக்கத்தில் ஒரு வரி: மீட்டர் மாற்றியது.
அதற்கு மேலிருந்த எண்ணையும் கீழிருந்த எண்ணையும்
நின்ற இடத்திலேயே கூட்டினேன்.
மூன்று லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.

"நேற்று ஏன் காட்டேல்ல?"
"பெண் பார்க்க வந்தா
முகம் கழுவி விடுறதுதானே, மகள்."
எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும்தான்.
கோபத்தில் இரண்டரை லட்சம் குறைத்தேன்.
சிரிப்பில் மிச்சத்துக்குச் சம்மதித்தேன்.
கொப்பியும் வேண்டும் என்றேன்.
அதைத் தரத்தான் அவர் யோசித்தார்.

நல்ல எஞ்சின் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
எங்கே கெட்டது என்று மூன்று பேர் சொன்னார்கள்.
அது எனக்குப் போதுமா என்று
இன்னும் தெரியாது.

ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு.
முன்னால் ஒரு லொறி, பக்கத்தில் ஏழெட்டு திரீவீல்.
திருப்பத்தில் உருண்ட எண்ணெய்ப் போத்தல்
கதவில் முட்டி நின்றது.
நான் வெப்பமுள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பாதிக்குக் கீழே.
பாதிக்குக் கீழே.
பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள்,
பச்சை விழுந்துவிட்டதாம்.
இன்னும் பாதிக்குக் கீழே.